உழைத்தால் உதவி போய்விடுமா? குறைந்த வருமானக் குடும்பங்களும் பிள்ளைகளுக்கான வரி வரவும்

உவர்மலை வாசகி எழுதியது:

திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். இந்தப் பருவத்துக்கு அறை துப்புரவுக்கும் சமையலறைக்கும் அயல் கிராமங்களிலிருந்து பெண்களை எடுக்கத் தொடங்கியபோது, அவர்களில் சிலர் தங்கள் பெயரைச் சம்பளப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்றும், கூலியை அன்றன்று கையில் தந்தால் போதும் என்றும் கேட்டார்கள். சம்பளச் சீட்டு ஒன்று கைக்கு வந்துவிட்டால், வறிய குடும்பங்களுக்கு அரசு மாதந்தோறும் உதவிப் பணம் தரும் அஸ்வெசும திட்டத்தின் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள்.

அந்தப் பயத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதைச் சம்பளச் சீட்டை வைத்தே சொல்லலாம். இலங்கையின் தேசியக் குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமாகிய 2,400 ரூபா கழிய, 27,600 ரூபா கையில் கிடைக்கும். முதலாளி தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமுமாக 4,500 ரூபாவை அவளுடைய பெயரில் கட்ட வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அந்த 4,500 ரூபா அவளுக்கு ஒருபோதும் வந்து சேராது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கை முறிந்தாலும் அவள் அங்கே வேலை செய்தாள் என்பதற்கு ஓர் ஆதாரமும் இராது. வறியவர் பிரிவில் உள்ள குடும்பத்துக்கு அஸ்வெசும மாதம் 10,000 ரூபா. அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு தாய் தன் முதுமைக்கான சேமிப்பை விட்டுக்கொடுக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடுதிப் பருவம் புரட்டாதியோடு முடிந்துவிடும். வெட்டிய பெயர் எப்போது திரும்பச் சேரும் என்று அவளுக்கு உறுதி சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

வெளிநாடுகளில் குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் பெற்றோருக்கு வரித் திணைக்களமே பணம் அனுப்புகிறது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அங்கே உழைப்பதனாலேயே உதவி கிடைக்கிறது, இங்கே உழைத்தால் உதவி போய்விடும் என்று அஞ்சுகிறோம். அந்த வரி வரவு முறை எப்படி நடக்கிறது, பிள்ளைகளுக்கு அதனால் என்ன கிடைத்தது, எங்கே அது பிழைத்தது, நமது மாவட்டத்துக்கு அதிலிருந்து எதை எடுக்கலாம் என்பவற்றை அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிண்ணியா ஆசிரியர் எழுதியது:

சகோதரி, நல்ல விடயத்தை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் எனக்கு முதற்படியிலேயே ஒரு சந்தேகம். மாதம் 30,000 ரூபா உழைப்பவர் வருமான வரி ஒரு சதமும் கட்டுவதில்லை. கட்டாத வரியில் அவருக்கு என்ன வரவு வைக்க முடியும்?

உட்துறைமுக வீதி எழுதியது:

ஆசிரியர் கேட்டதுதான் இந்த விவாதத்தின் மூலக் கேள்வி. வரித் துறையில் பல காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

வரியின் வழியாகக் குடும்பத்துக்கு உதவ மூன்று வழிகள் உள்ளன. முதலாவது நிவாரணம். நமது நாட்டில் 2025 ஏப்ரல் வரை மாதம் ஒரு இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை. அதன் பின் அந்த எல்லை ஒன்றரை இலட்சமாக உயர்ந்தது. இதனால் மாதம் 150,000 ரூபா உழைப்பவர் முன்பு கட்டிய 3,500 ரூபா அவருக்கு மிச்சமானது. 30,000 ரூபா உழைப்பவருக்கு மிச்சமானது ஒன்றுமில்லை. அந்த நிவாரணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நடுத்தரக் குடும்பங்களும் 2022 இற்குப் பிறகு மிகவும் நொந்துபோயிருந்தன. ஆனால் அது ஏழைக் குழந்தையின் வீட்டு வாசலுக்கு வராது.

இரண்டாவது, கட்ட வேண்டிய வரியிலேயே கழிக்கும் வரவு. அதுவும் வரி கட்டுபவருக்கு மட்டுமே பயன்படும். மூன்றாவது, திருப்பித் தரத்தக்க வரவு. கட்ட வேண்டிய வரியைவிட வரவு கூடுதலாக இருந்தால் மிகுதியை அரசு பணமாகவே அனுப்பும். வரி பூச்சியமாக இருந்தால் வரவு முழுவதும் பணமாக வரும். உவர்மலை வாசகியின் உறவினர்கள் சொல்வது இந்த மூன்றாவது வகையை.

அமெரிக்காவில் 1975 இல் தொடங்கிய உழைப்பு வருமான வரி வரவு இதற்குப் பழைய உதாரணம். 2024 ஆம் வரியாண்டுக் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளோடு தனியாக வாழும் தாய் ஒருத்தி உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 40 சதம் வரவாகச் சேரும். வருடத்துக்கு 15,000 டொலர் உழைத்தால் 6,000 டொலர் கிடைக்கும். உழைப்பு 17,400 டொலரைத் தொடும்போது வரவு அதன் உச்சமான 6,960 டொலருக்கு வந்து, 22,720 டொலர் வரை அப்படியே நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டொலருக்கும் ஏறத்தாழ 21 சதம் வீதம் குறைந்து, 55,768 டொலரில் முடிவடையும். மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் உச்சம் 7,830 டொலர். பிள்ளை இல்லாத தொழிலாளிக்கு 632 டொலர்தான். இந்தக் குறையை அங்கே பலர் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள்.

கோணேசர் மலை விளிம்பிலிருந்து நேரே கடலில் விழுவதற்கும், அதே மலையின் சரிவு வீதியால் நடந்து இறங்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இதில் முக்கியம். அந்தத் தாய்க்குச் சம்பளம் கூடினால் உதவி குறைகிறது, ஆனால் கூடிய சம்பளத்தைவிடக் குறைவாகவே குறைகிறது. எந்த ஓர் இடத்திலும் “இன்னும் ஒரு டொலர் உழைத்தால் எல்லாம் போய்விடும்” என்ற நிலை இந்த வரவினால் அவளுக்கு வருவதில்லை.

இனி ஏழைகள் வரி கட்டுவதில்லை என்ற எண்ணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைந்து, 2022 செப்டெம்பரில் 15 வீதமாகி, 2024 ஜனவரி முதல் 18 வீதமாக நிற்கிறது. அதே ஜனவரியில் சமையல் எரிவாயுவும் பெற்றோலும் டீசலும் அந்த வரிக்குள் வந்தன. வரிக்குட்பட்ட சாமான்களுக்கு ஒரு குடும்பம் மாதம் 11,800 ரூபா செலவழித்தால் அதில் 1,800 ரூபா வரி. ஒழுங்கையிலுள்ள சிறு கடையின் துண்டில் அது தெரியாது. ஆனால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் வாங்கிய விலைக்குள் அது ஏற்கெனவே ஏறியிருக்கிறது. ஆகையால் திருப்பித் தருவதற்கு வரி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்காபரோவிலிருந்து ஒரு திருமலையான் எழுதியது:

ஐயா அமெரிக்காவை விளக்கினார், நான் கனடாவைச் சொல்கிறேன். நாங்கள் இங்கே வந்த புதிதில் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டு பிள்ளைகளை வளர்த்தோம். வாடகை கட்டுகிற வாரத்தில் கைகொடுத்தது பிள்ளைக் காசுதான். நம்மவர்கள் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போதுள்ள கனடா பிள்ளைக் கொடுப்பனவு 2016 ஜூலையில் வந்தது. தொடங்கும்போது ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வருடம் 6,400 டொலர் வரையும், ஆறு முதல் பதினேழு வயது வரையான பிள்ளைக்கு 5,400 டொலர் வரையும் தந்தார்கள். 2018 முதல் விலைவாசியோடு சேர்த்து உயர்த்துகிறார்கள். மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வரும், அதற்கு வரி கிடையாது. குடும்பத்தின் சென்ற வருட வருமானத்தைப் பார்த்து ஒவ்வொரு ஜூலையிலும் தொகையைத் திருத்துவார்கள். தாயும் தந்தையும் ஒரே வீட்டில் இருந்தால் பணம் பெரும்பாலும் தாயின் பெயருக்கே வரும். என் மனைவி கையில் அந்தப் பணம் போனதனால்தான் அது பிள்ளைகளின் சப்பாத்துக்கும் பாலுக்கும் போனது என்பதை நான் மனமாரச் சொல்வேன்.

அமெரிக்க ஏற்பாட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே உழைப்பு இல்லையென்றால் உழைப்பு வரவும் இல்லை. இங்கே பிள்ளைக் கொடுப்பனவுக்கு உழைப்பு நிபந்தனை கிடையாது. வேலை இழந்தவரின் பிள்ளைக்கும் அது கிடைக்கும். குறைந்த கூலிக்கு உழைப்பவருக்கென வேறொரு வரவு தனியே இருக்கிறது, 2007 இல் வந்து 2019 இல் பெயரும் அளவும் மாறியது. பிள்ளைக்கு ஒன்று, உழைப்புக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. தகப்பனுக்கு வேலை போனதற்குக் குழந்தை பொறுப்பாக முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது. வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணவனும் மனைவியும் ஆண்டுதோறும் வரிப் படிவம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஜூலையோடு காசு நின்றுவிடும். மொழி தெரியாத மூத்தவர்களும் புதிதாக வந்தவர்களும் இதில் தடுமாறுவதை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

திருக்கடலூர் அக்கா எழுதியது:

நீங்கள் எல்லோரும் சொல்வதை மகள் வாசித்துக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல அவளே இதையும் எழுதுகிறாள். எங்கள் வீட்டு வருமானத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று யாராவது சொல்ல வேண்டும்.

என் கணவர் வேறொருவருடைய படகில் பங்குக்குப் போகிறார். மீன் விற்ற காசில் எண்ணெய், ஐஸ், வலைச் செலவு கழித்து மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரிக்கிறார்கள். ஒரு நாள் ஐயாயிரம் வரும், அடுத்த நாள் எண்ணெய்க் காசும் தேறாது. வாடைக் காற்று அடிக்கத் தொடங்கினால் கடல் இறங்க விடாது. அந்த மாதங்களில் படகு முதலாளியான சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கித்தான் அடுப்பு எரியும், அந்தக் கடன் அடுத்த பருவப் பங்கில் கழியும். நான் மீன் காயப்போட்டு விற்கிறேன், அதற்குத் துண்டு யார் தருவார்கள்? கடல் நன்றாக இருக்கிற மாதத்தில் ஒருவர் வந்து கணக்கெடுத்தால் எங்களுக்கு வசதி என்பார், மாரியில் வந்தால் வறுமை என்பார். வரித் திணைக்களம் பணம் தருவதானால் அது எந்த மாதத்து வீட்டைப் பார்க்கும்?

லண்டனில் ஒரு தாய் எழுதியது:

அக்கா கேட்ட கேள்வியில்தான் பிரித்தானியா பெரிதாக அடிபட்டது. அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் முழுமையாகச் சொல்கிறேன்.

இங்கே 1999 இல் உழைக்கும் குடும்பங்களுக்கான வரி வரவைத் தொடங்கினார்கள். 2003 ஏப்ரலில் அதைப் பிள்ளைக்கான வரவு, உழைப்புக்கான வரவு என்று இரண்டாக்கினார்கள். நோக்கம் நல்லது, பிள்ளைகளின் வறுமை உண்மையாகவே குறைந்தது. ஆனால் ஒரு வருடத்துக்குரிய தொகையை முன்கூட்டியே மதிப்பிட்டுக் கொடுத்துவிட்டு, வருட முடிவில் உண்மையான வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வருடத்தின் நடுவில் கூடுதல் நேரம் வேலை செய்தவர்களும், கணவனுக்கு வேலை கிடைத்தவர்களும், பிள்ளைக் காப்பகத்தை மாற்றியவர்களும் கூடுதலாகப் பெற்றவர்கள் ஆனார்கள். முதல் வருடத்தில் மட்டும் ஏறத்தாழ 220 கோடி பவுண் இப்படிக் கூடுதலாகப் போனதாகக் கணக்கு வந்து, அதைத் திருப்பிக் கேட்டுக் கடிதங்கள் புறப்பட்டன. பால்மாவுக்கும் வாடகைக்கும் செலவழிந்த காசை ஏழைத் தாய் எங்கிருந்து திருப்பிக் கொடுப்பாள்? எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளோடு துப்புரவு வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண், அப்படியொரு கடிதம் வந்த பிறகு, உரிமை இருந்தும் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவே மறுத்துவிட்டார். உதவியை வாங்குவதே ஆபத்து என்று அவருக்குப் பட்டுவிட்டது.

அதற்குக் கண்டுபிடித்த மருந்தையும் சொல்ல வேண்டும். 2006 ஏப்ரலிலிருந்து, ஒரு வருடத்துக்குள் வருமானம் 25,000 பவுண் வரை கூடினாலும் அந்த வருடத்து வரவில் கை வைப்பதில்லை என்று விதித்தார்கள். அதற்கு முன் அந்த விலக்கு 2,500 பவுண்தான். கூடுதல் கொடுப்பனவுச் சிக்கல் வெகுவாகத் தணிந்தது. பிறகு சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் அதைப் படிப்படியாகக் குறைத்து 2016 இல் மீண்டும் 2,500 இற்கே கொண்டுவந்தார்கள்.

வேலை நேர விதி இன்னொரு பிழை. தனித்து வாழும் பெற்றோர் வாரம் 16 மணி நேரம் உழைத்தால்தான் உழைப்பு வரவு கிடைத்தது. முதலாளி ஒரு மணி நேரத்தைக் குறைத்து 15 ஆக்கினால் வரவு அறவே இல்லாமல் போனது. 2013 இலிருந்து இவற்றுக்குப் பதிலாக வந்த ஒருங்கிணைந்த கொடுப்பனவில் அந்த மணிக்கணக்கு இல்லை. வருமானத்தை மாதாமாதம் பார்த்து, ஓர் அளவுக்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறைக்கிறார்கள். 2021 இன் இறுதி வரை அது 63 பென்ஸாக இருந்தது. பழைய வரி வரவுகள் 2025 ஏப்ரல் 5 உடன் முற்றாக முடிந்தன.

என் மனத்தை மிகவும் வருத்தியது இரண்டு பிள்ளை எல்லை. 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த மூன்றாவது பிள்ளைக்குப் பிள்ளை வரவிலும் ஒருங்கிணைந்த கொடுப்பனவிலும் பங்கு இல்லை என்றார்கள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் உண்டு, தம்பிக்கு இல்லை என்று ஒரே வீட்டுக்குள் பிள்ளைகளை அரசு பிரித்தது. அதை 2026 ஏப்ரலிலிருந்து நீக்குவதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். அந்த ஒன்பது வருடங்களில் வளர்ந்த குழந்தைகளுக்கு அது திரும்பி வராது.

மூதூர் தம்பி எழுதியது:

அனைவரும் பொறுமையாக விளக்கியிருக்கிறீர்கள், நன்றி. ஆனாலும் எனக்கு இந்த வழியில் நம்பிக்கை வரவில்லை. குறைந்த கூலி கொடுக்கும் முதலாளியின் குறையை ஏன் அரசு நிரப்ப வேண்டும்? தொழிலாளிக்கு அரசு 10,000 கொடுக்கும் என்று தெரிந்தால் விடுதிக்காரரும் ஆலைக்காரரும் கூலியை உயர்த்த மாட்டார்கள். அந்தப் பணத்தை மக்களிடமிருந்து வற் வரியாக எடுத்துத்தான் கொடுக்கப் போகிறார்கள். வரியைக் குறைத்துவிட்டால் எடுப்பதும் வேண்டாம், கொடுப்பதும் வேண்டாம், எங்கள் வயல் கூலிக்காரர் அலுவலகப் படி ஏறவும் வேண்டாம்.

உட்துறைமுக வீதி எழுதியது:

தம்பியின் முதற்கேள்வி நியாயமானது. உழைப்போடு கட்டிய வரவினால் வேலை தேடுவோர் தொகை கூடும், அதனால் கூலி ஏறாமல் நிற்கும், வரவின் ஒரு பகுதி மறைமுகமாக முதலாளியிடம் போய்ச் சேரும் என்று அமெரிக்கப் பொருளியலாளர்கள் சிலரே கணக்கிட்டிருக்கிறார்கள். இதைத் தடுப்பது குறைந்தபட்ச வேதனச் சட்டம். கூலிக்குக் கீழே ஒரு தளத்தைச் சட்டம் போட்டு வைத்தால் முதலாளி அதற்குக் கீழே இறக்க முடியாது. நமது நாட்டில் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 10,000 ரூபாவோடு தொடங்கி, 2024 இல் 17,500 ஆகி, 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, இப்போது 30,000 இல் நிற்கிறது. ஆனால் தனியாளுக்கும் மூன்று பிள்ளைகளின் தாய்க்கும் அந்தத் தளம் ஒன்றேதான். எந்த முதலாளியும் பிள்ளைகளை எண்ணிக் கூலி கொடுக்க மாட்டார், கொடுக்க வேண்டும் என்று விதித்தால் தாய்மாரை வேலைக்கு எடுக்கவே மாட்டார். பிள்ளைச் செலவைப் பகிர்வது அரசின் வேலையாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது யோசனையில் உடன்பட முடியவில்லை. அடிப்படைச் சாமான்களுக்கு விலக்குத் தருவது நல்லது. ஆனால் வற் வீதத்தைப் பொதுவாகக் குறைத்தால் அதிகம் செலவழிப்பவருக்கே அதிகம் மிச்சமாகும். 11,800 ரூபாவுக்கு வாங்குபவருக்கு மிச்சமாவதைப் போலப் பத்து மடங்கு, 118,000 ரூபாவுக்கு வாங்குபவருக்கு மிச்சமாகும். 2019 இன் இறுதியில் வற் வரியையும் வருமான வரியையும் ஒருங்கே வெட்டியபோது அரச வருமானம் எப்படிச் சரிந்தது, அதன் பின் 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் யார் வரிசையில் நின்றார்கள் என்பதை நாம் எல்லோரும் கண்டோம்.

அமெரிக்காவில் 2021 இல் நடந்ததையும் இங்கே வைக்கிறேன். அதுவரை பிள்ளை வரி வரவு 2,000 டொலராக இருந்தும், பெற்றோரின் உழைப்பு போதாமையால் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு அது முழுமையாகக் கிடைக்கவில்லை. அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 3,600, மற்றப் பிள்ளைகளுக்கு 3,000 டொலராக உயர்த்தி, உழைப்பு நிபந்தனையை நீக்கி, ஜூலை முதல் டிசம்பர் வரை பாதித் தொகையை மாதாமாதம் கொடுத்தார்கள். அரச உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவையில் பிள்ளைகளின் வறுமை 5.2 வீதமாக இறங்கியது. நீடிக்கப் பாராளுமன்றம் உடன்படவில்லை. 2022 இல் அதே அளவை 12.4 வீதமாக ஏறியது. பெற்றோர் ஒரே வருடத்தில் சோம்பேறிகளாகிவிடவில்லை, கொடுப்பனவு நின்றது.

ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர் எழுதியது:

அஸ்வெசும பற்றிய பயத்துக்கு ஒரு விளக்கம் தேவை. 2023 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டம் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தெரிவு செய்வதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு வீட்டுக்குப் புள்ளி இடுகிறார்கள். மின்சாரப் பாவனையும் அதில் வரும். ஆகவே 30,000 ரூபாச் சம்பளச் சீட்டு ஒன்று கையில் இருப்பதனால் மட்டுமே பெயர் வெட்டப்படும் என்பது சரியல்ல.

மற்றொன்று: சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதன்று. நாட்கூலிக்கும் தற்காலிக வேலைக்கும் துண்டு வேலைக்கும் முதல் நாளிலிருந்தே அது பொருந்தும். தொழிலாளி வேண்டாம் என்று சொன்னாலும் முதலாளிக்கு அந்தக் கடமை இருக்கிறது.

உவர்மலை வாசகி எழுதியது:

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. அதை நான் அந்தப் பெண்களுக்குச் சொன்னேன். அவர்களில் வயதில் மூத்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்படியானால் எந்த அளவுக்கு உழைத்தால் வெட்டுவார்கள், பிள்ளை?” இதற்கு என்னிடம் மட்டுமல்ல, கிராம உத்தியோகத்தரிடமும் பதில் இல்லை. அமெரிக்கத் தாய்க்கு 22,720 டொலர் என்று ஓர் இலக்கம் தெரியும், அதற்கு மேல் எவ்வளவு குறையும் என்பதும் தெரியும். இங்கே 22 சுட்டிகளும் சேர்ந்து என்ன புள்ளி தருகின்றன என்பதைக் குடும்பத்தால் முன்கூட்டிக் கணக்கிட முடியாது. கணக்கிட முடியாதபோது மனிதர் மிகக் கெட்டதையே எதிர்பார்த்து நடப்பார்கள். விதியில் இல்லாத ஒரு வெட்டு, பயத்தின் வழியாக நடந்துகொண்டிருக்கிறது.

திருக்கடலூர் அக்காவின் கேள்வியை நான் பல முறை வாசித்தேன். வரிப் படிவத்தின் வழியே உதவி என்பது வருமானத்துக்குத் தாள் உள்ள சமுதாயத்தின் ஏற்பாடு. நமது மாவட்டத்தில் கடலும் வயலும் விடுதியும் எல்லாம் பருவத் தொழில்கள். கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் அறுவடைக் கூலி சில வாரங்களுக்குத்தான். பதினெட்டு வயது கடந்த அனைவரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று 2024 இல் விதித்தார்கள் என்றாலும், இலக்கம் இருப்பது வேறு, வருமானத்தைக் கணக்காகக் காட்ட முடிவது வேறு. ஆகையால் உழைப்பின் டொலருக்கு இத்தனை சதம் என்ற அமெரிக்க வடிவம் இங்கே பொருந்தாது என்றே நினைக்கிறேன். அது நல்ல சீட்டு உள்ளவனுக்குப் போய், காயப்போட்ட மீனை விற்பவளுக்குப் போகாமல் நின்றுவிடும்.

கனடாவின் வழி கிட்ட வருகிறது, ஏனென்றால் பிள்ளையை எண்ணுவதற்குச் சம்பளச் சீட்டு வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழும் பாடசாலை இடாப்பும் எல்லா ஊரிலும் உள்ளன. அஸ்வெசும குடும்பத்தின் பெயரில் வருகிறது, பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய மாதக் கொடுப்பனவு அதில் இல்லை. 2025 இல் அஸ்வெசும குடும்பங்களின் மாணவர்களுக்குப் பாடசாலை உபகரணங்களுக்காக 6,000 ரூபா கொடுத்தார்கள். அந்த வாரத்தில் கொப்பி வாங்க நகரத்துக் கடைகளில் நின்ற தாய்மாரைக் கண்டவர்களுக்கு, பிள்ளையின் பெயரில் வரும் பணம் பிள்ளையிடமே போகும் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படாது. அதையே தாயின் கணக்குக்கு மாதாமாதம் வரும் சிறு தொகையாக்கி, வீட்டின் புள்ளி மாறினாலும் அசையாமல் வைத்திருந்தால், விடுதிக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பயத்தின் பெரும் பகுதி நீங்கிவிடும்.

குடும்பத்துக்கான மிகுதிக் கொடுப்பனவுக்கு லண்டன் சகோதரி சொன்ன 2006 ஆம் ஆண்டு விதி வேண்டும். ஒரு பருவத்தில் உழைப்பு கூடியதற்காக அந்த வருடத்தில் கை வைக்கக் கூடாது. கூடிய நிலை அடுத்த வருடமும் நீடித்தால் படிப்படியாகக் குறைக்கலாம், முன்னறிவித்தலோடு குறைக்கலாம். கூடுதலாகக் கொடுத்ததை ஏழையிடம் திரும்பப் பறிப்பதைப் பற்றியும் ஒரு சொல். நெதர்லாந்தில் பிள்ளைக் காப்பகக் கொடுப்பனவு வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர் என்று பிழையாகக் குற்றஞ்சாட்டி, முழுத்தொகையையும் அறவிட்டு, பல குடும்பங்களைக் கடனில் தள்ளினார்கள். அவர்களில் பெரும் பங்கினர் வெளிநாட்டு வழிவந்தவர்கள். அந்த அநீதி வெளியானபோது 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. படிவம் நிரப்பத் தெரியாத மக்களையும், வேற்றுமொழியில் கடிதம் பெறும் மக்களையும் இத்தகைய பிழைகள் முதலில் தாக்கும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூதூர் தம்பியிடம் ஒரு வேண்டுகோள்: அலுவலகப் படி ஏறுவதை ஒழிப்பதற்காக உதவியையே கைவிட வேண்டாம். படியைக் குறைக்கும்படி சேர்ந்து கேட்போம். வரவு செலவுத் திட்டத்துக்கு முன் பொதுமக்களின் யோசனைகளை ஏற்கும் காலத்தில், இந்த இழையில் உள்ளவற்றை ஒரு கடிதமாக்கி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் நிதி அமைச்சுக்கும் அனுப்ப நான் எழுதித் தருகிறேன்.

மூதூர் தம்பி எழுதியது:

அக்கா, கடிதத்தில் வயல் கூலிக்காரரின் நிலையையும் ஒரு பந்தியாகச் சேருங்கள். விபரத்தை நான் அனுப்புகிறேன். கையொப்பமும் வைப்பேன்.

திருக்கடலூர் அக்கா எழுதியது:

என் தங்கை மகளும் நிலாவெளியில்தான் வேலைக்குப் போகப் போகிறாள். அவள் சீட்டு எடுக்கட்டுமா, வேண்டாமா?

ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர் எழுதியது:

எடுக்கச் சொல்லுங்கள், தங்கச்சி. பெயர் பதிந்த முதல் மாதச் சீட்டிலேயே சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வேலை தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் எழுதிய ஒரு கடிதத்தை விடுதியிடம் வாங்கி வைக்கட்டும். மீள்மதிப்பீட்டுக்கு ஆட்கள் வரும்போது அது பருவ வேலை என்பதைக் காட்ட அந்தக் கடிதமே ஆதாரம். எதிரான முடிவு வந்தால் உரிய காலத்துக்குள் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு கொடுக்க வேண்டும்; கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். எழுத உதவி வேண்டுமானால் இங்கே ஒரு வரி போடுங்கள், நான் எழுதித் தருகிறேன்.